காமாலை இறங்கியது யாரால்?

நம் நாட்டில் மனிதருக்குள் ஜாதி இருப்பது போலவே வியாதிகளுக்குள்ளும் ஜாதி ஏற்பட்டுவிட்டது. காய்ச்சல் என்றால் ஊசி, எலும்பு முறிந்தால் கட்டு, அம்மை என்றால் மாரியாத்தாள், காமாலை என்றால் பச்சிலையும் மந்திரிப்பும் என்பதாக ஒவ்வொரு வியாதிக்கும் ஒரு குலதெய்வத்தையும் ஒரு குலத்தொழிலையும் ஏற்படுத்தி வைத்திருக்கின்றோம். நைனார்பாளையம், கூகையூர், சின்னசேலம் பக்கத்தில் எந்தத் திண்ணையில் உட்கார்ந்து, "கண் மஞ்சளாயிருக்கிறதே, என்ன செய்யலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். "ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்" என்று சொல்லுகிறவர் ஒருவர் இருந்தால், "இதற்கு இங்கிலீஷ் வைத்தியத்தில் மருந்தே கிடையாது, இன்னாரிடம் போய் மூன்று வேளை இலை மருந்து குடி, இறங்கிவிடும்" என்று சொல்லுகிறவர்கள் ஒன்பது பேர் இருப்பார்கள். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிற மலையாளி மக்களுக்கும் இதே உபதேசந்தான்; கள்ளக்குறிச்சியில் பட்டம் படித்துவிட்டு வந்தவர்களுக்கும் இதே உபதேசந்தான். மற்ற எந்தக் காரியத்திலும் காண முடியாத சமத்துவம் இந்த ஒரு காரியத்தில் மாத்திரம் நிலவுகின்றது.

ஆதாரம் கேட்டால், "அனுபவம்" என்கிறார்கள். "என் மாமனுக்கு இறங்கிற்று, என் மகளுக்கு இறங்கிற்று, கண்ணாரக் கண்டோம்" என்கிறார்கள். இறங்கியது வாஸ்தவந்தான்; அதை நாம் மறுக்க வரவில்லை. நாம் கேட்பதெல்லாம், இறக்கியது யார் என்பதுதான். இது வெறும் வாதத்துக்காகக் கேட்கிற கேள்வியல்ல. இந்தக் கேள்விக்குத் தப்பான பதிலை நம்பியிருப்பதால் காப்பாற்றக்கூடிய உயிர்கள் போகின்றன என்பதற்காகவே கேட்கின்றோம்.

முதலாவது, இந்த மஞ்சள் என்பது என்ன? நம் இரத்தத்திலுள்ள சிவப்பு அணுக்கள் சுமார் 120 நாள் உயிரோடிருந்து, பிறகு உடைந்து போகின்றன. உடைந்ததிலிருந்து மஞ்சளான ஒரு கழிவு உண்டாகிறது. அதற்குப் பிலிருபின் என்று பெயர். இதை இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்துப் பித்தநீரோடு சேர்த்துக் குடலுக்கு அனுப்ப வேண்டியது கல்லீரலின் வேலை. மலத்துக்கு நிறம் வருவதும் இதனால்தான். கல்லீரல் சீர்கெட்டாலும், பித்தநீர் போகிற குழாய் அடைபட்டாலும், இந்தக் கழிவு வெளியேற வழியின்றி இரத்தத்திலேயே தங்கிவிடுகின்றது. அதனால் கண் மஞ்சளாகிறது, தோல் மஞ்சளாகிறது, மூத்திரம் தேயிலைச் சாயம்போல் ஆகிறது.

ஆகவே காமாலை என்பது ஒரு வியாதியல்ல, வியாதியின் அடையாளமேயாகும். அந்த அடையாளத்துக்குக் காரணம் கிருமியாயிருக்கலாம், சாராயமாயிருக்கலாம், பித்தப்பைக் கல் குழாயை அடைத்துக் கொண்டதாயிருக்கலாம், எலிக்காய்ச்சலாயிருக்கலாம், மலேரியாவாயிருக்கலாம், நாமே வாங்கித் தின்ற மருந்தாயிருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். ஊரில் புகை எழும்பினால் எந்த வீட்டில் தீப்பிடித்தது, எதனால் பிடித்தது என்று பார்க்கிறவன் மனிதன். புகையைப் பார்த்து மந்திரம் சொல்லி, புகை அடங்கியவுடன் தட்சணை கேட்கிறவனை என்னவென்று சொல்லுவது?

"காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்" என்று ஒரு பழமொழி சொல்லிக்கொண்டு வருகின்றோம். அதுகூடச் சரியல்ல. காமாலைக்காரன் கண் மற்றவர்களுக்கு மஞ்சளாய்த் தெரியுமேயன்றி, அவன் கண்ணுக்கு உலகம் மஞ்சளாய்த் தெரிவதில்லை. சந்தேகமிருந்தால் காமாலை வந்தவரையே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பக்கத்தில் படுத்திருக்கிறவனை ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடக்கூடிய சங்கதியையே கேட்காமல் தலைமுறை தலைமுறையாய் ஒப்புவித்து வந்த நாம், "அனுபவம்" என்று சொல்லுவதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ள வேண்டும்.

நிற்க, கல்லீரல் என்பது வலப்பக்கத்து விலா எலும்புக்கு அடியில், ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையில் இருக்கிற ஒரு பெரிய தொழிற்சாலை. தின்ற சோற்றின் சர்க்கரையைச் சேமித்து வைத்து வேண்டும்போது கொடுப்பதும், காயம்பட்டால் இரத்தம் உறைவதற்கான பொருளை உண்டாக்குவதும், கொழுப்பைச் சீரணிக்கப் பித்தநீரைச் சுரப்பதும், உடம்பில் சேரும் நஞ்சை முறிப்பதும் அதன் வேலைகள். இவ்வளவும் செய்கிற உறுப்புக்கு ஒரு விசேஷ குணமுண்டு. அதில் ஒரு பங்கு கெட்டுப் போனாலும், மீதியிருக்கிற பங்கு தானாகவே வளர்ந்து இழந்ததை ஈடு செய்துகொள்ளும். இந்த ஒரு குணத்தை வாசகர்கள் நன்றாய் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். காமாலை வைத்தியர்களுடைய கீர்த்தியெல்லாம் இதன்மேல் கட்டப்பட்டதேயாகும்.

கல்லீரலைத் தாக்குகிற வைரஸ் என்னும் கிருமிகளில் முக்கியமானவை ஏ, பி, சி, டி, ஈ என்று அய்ந்து. இவை எப்படிக் கெடுக்கின்றன? கிருமி கல்லீரலின் அணுவுக்குள் புகுந்து, அந்த அணுவையே வேலைக்காரனாக்கித் தன்னைப் போலவே ஆயிரக்கணக்கான கிருமிகளைச் செய்வித்துக்கொள்கிறது. பெரும்பாலும் அது நேராக அணுவைக் கொல்லுவதில்லை. நம் உடம்பின் காவற்படையாகிய வெள்ளை அணுக்கள், கிருமி புகுந்த அணுக்களைக் கண்டுபிடித்து அந்த அணுக்களோடு சேர்த்து அழிக்கின்றன. வைக்கோற்போரில் பாம்பு புகுந்துவிட்டது என்று போரையே கொளுத்துவது போன்ற காரியம் இது. அந்த நெருப்பில்தான் கல்லீரல் வீங்குகிறது, பசி போகிறது, வாந்தி வருகிறது, மஞ்சள் ஏறுகிறது. பாம்பு செத்தால் போர் அணைகிறது. அணைந்த இடத்தில் கல்லீரல் மறுபடி வளர்ந்துகொள்கிறது.

ஏ வகையும் ஈ வகையும் மலத்தினால் அசுத்தமான தண்ணீரின் மூலமும் உணவின் மூலமும் வருகின்றவை. இவை இரண்டிலும் மிகப் பெரும்பாலோருக்கு உடம்பே சில வாரங்களில் கிருமியை ஒழித்துவிடுகின்றது. மருந்து குடித்தாலும் இறங்கும், குடிக்காவிட்டாலும் இறங்கும். மந்திரித்தாலும் இறங்கும், மந்திரிக்கிறவனைத் திட்டினாலும் இறங்கும். இதற்கென்று தனி மருந்து இங்கிலீஷ் வைத்தியத்தில் இல்லை என்பது வாஸ்தவந்தான். இல்லாததை இல்லை என்று ஒப்புக்கொண்டு, "ஓய்வெடு, தண்ணீர் குடி, சாராயம் தொடாதே, அபாயக் குறி கண்டால் ஓடி வா" என்று சொல்லுகிற டாக்டருக்குக் கீர்த்தியில்லை. அதே மூன்று வாரத்தில் மூன்று வேளை பச்சிலையைக் கொடுத்தவருக்கு மாத்திரம் கீர்த்தி! சேவல் கூவிற்று, பொழுது விடிந்தது. ஆகவே விடியச் செய்தது சேவல்தான் என்று சொல்லுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இதில் இன்னொரு தந்திரமும் இருக்கின்றது. பிழைத்தவன் ஊரெல்லாம் சொல்லுகிறான், செத்தவன் வந்து சொல்லுவதில்லை. பிழைத்தால் "கைராசி" என்று வைத்தியர் கணக்கிலே வரவு. செத்தால் "விதி" என்று கடவுள் கணக்கிலே செலவு. வரவை மாத்திரம் எழுதிச் செலவை எழுதாத கணக்குப் பிள்ளையை நாம் ஒரு நாள் கடையில் வைத்துக்கொள்வோமா? உயிர்க் கணக்கில் மாத்திரம் அவனைத் தலைமுறை தலைமுறையாய் வைத்துக்கொண்டிருக்கின்றோம்.

மந்திரித்துக் "காமாலையைக் கழுவி விடுவது" என்பது இன்னொரு வகை. நோயாளியின் கையைச் சுண்ணாம்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவுவார்கள். தண்ணீர் மஞ்சளாக மாறும். "பார், காமாலை இறங்குகிறது" என்பார்கள். மாமரப் பட்டைச் சாற்றை முன்னதாகக் கையில் பூசி உலரவிட்டுச் சுண்ணாம்பு நீரில் கழுவினால், காமாலை இல்லாதவன் கையிலிருந்தும் அந்த மஞ்சள் வரும் என்பதைப் பகுத்தறிவாளர்கள் மேடைகளில் செய்து காட்டி வருகின்றார்கள். சுண்ணாம்பும் மஞ்சளும் கூடினால் சிவப்பாகும் என்பது கலியாண வீட்டில் ஆலம் கரைக்கிற பெண்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். அதே வகை வித்தைதான் இதுவும். இரத்தத்தில் கலந்திருக்கிற மஞ்சள், தோலைக் கழுவினால் தண்ணீரில் இறங்குமா என்று ஒருவராவது கேட்டால், அன்றோடு அந்தக் கடை மூடப்படும்.

கழுவுகிறதோடு நின்றாலும் பாதகமில்லை. கையில் சூடு போட்டுப் புண்ணாக்குவதும், மூக்கில் காரமான சாற்றைப் பிழிந்துவிட்டு ஒழுகுகிற நீரைக் "காமாலை நீர்" என்று காட்டுவதும், கண்ணில் சாறு விடுவதும், உப்பில்லாமல் எண்ணெயில்லாமல் பத்தியம் என்று சொல்லி ஏற்கனவே பசியற்றுக் கிடக்கிறவனை இன்னும் பட்டினி போடுவதும் எந்த நியாயத்தில் சேர்ந்தது? கல்லீரல் மறுபடி வளர்வதற்கு ஆகாரம் வேண்டும். பிடித்ததைச் சிறுகச் சிறுகச் சாப்பிடச் சொல்லுவதே வைத்திய முறை. அன்றியும், பச்சிலை என்றால் கெடுதலே செய்யாது என்பதும் ஒரு மூடநம்பிக்கையேயாகும். நஞ்சை முறிக்கிற உறுப்பே நோய்ப்பட்டிருக்கும்போது, இன்னதென்று தெரியாத சாற்றை அதன் தலையில் ஏற்றுவது, காலொடிந்த மாட்டின்மேல் பாரம் ஏற்றுவது போன்றதாகும். கொரோனாக் காலத்தில் நோய் எதிர்ப்புக்கென்று சீந்தில் கொடியைத் தின்றவர்களில் கல்லீரல் கெட்டுப்போன ஆறு பேரைப் பற்றி மும்பை டாக்டர்கள் 2021-ல் எழுதி வெளியிட்டிருக்கின்றார்கள்.

இவையெல்லாவற்றையும்விடப் பெரிய கெடுதல் ஒன்றிருக்கின்றது. பி வகையும் சி வகையும் தண்ணீரில் வருவன அல்ல. இரத்தத்தின் மூலமும், சுத்தம் செய்யாத ஊசியின் மூலமும், ஆண் பெண் சேர்க்கையின் மூலமும், தாயிடமிருந்து பிள்ளைக்கும் வருகின்றவை. (டி வகை, பி வகை இருக்கிற உடம்பில் மாத்திரமே ஒட்டிப் பிழைக்கும்.) இவற்றின் கொடுமை என்னவென்றால், மஞ்சள் இறங்கிய பிறகும் கிருமி இறங்காமல் தங்கிவிடலாம். பலருக்கு மஞ்சளே தோன்றாது. பி வகைக் கிருமி பிறந்த குழந்தைக்கு ஒட்டினால் 100-க்கு 90 பேருக்கு உடம்பிலேயே தங்கிவிடுகின்றது. வளர்ந்தவர்களுக்கு ஒட்டினால் 100-க்கு 5 பேருக்கும் குறைவாகவே தங்குகிறது. சி வகையோ, ஒட்டியவர்களில் பெரும்பாலோருக்குத் தங்கிவிடுகிறது.

தங்கின கிருமி சும்மாயிருப்பதில்லை. போர் எரிவதும் அணைவதுமாய் 20 வருஷம், 30 வருஷம் புகைந்துகொண்டேயிருக்கின்றது. எரிந்த இடத்தில் நல்ல சதை வளர்வதற்குப் பதிலாகத் தழும்பு கட்டுகிறது. தழும்பின்மேல் தழும்பு ஏறிக் கல்லீரல் கரடுதட்டிச் சுருங்கிப் போகிறது. அதற்குள் இரத்தம் ஓட வழியில்லாமல் வயிற்றில் நீர் கோர்க்கிறது. அதைத்தான் நம்மவர்கள் மகோதரம் என்கிறார்கள். உணவுக் குழாயின் நரம்புகள் புடைத்து வெடித்து இரத்த வாந்தி வருகின்றது. முறியாத நஞ்சு மூளைக்கு ஏறிப் புத்தி தடுமாறுகின்றது. அதைத்தான் "பேய் பிடித்தது", "செய்வினை வைத்தார்கள்" என்று சொல்லி மறுபடியும் மந்திரிக்க அழைத்துப் போகின்றோம்! சிலருக்குக் கல்லீரலில் புற்றுநோயும் உண்டாகின்றது.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒருவனுக்குப் பி வகைக் காமாலை வருகின்றது. மூன்று வேளை இலை மருந்து குடித்தான்; மஞ்சள் இறங்கிற்று; "குணமாய்விட்டது" என்ற சர்ட்டிபிகேட்டும் கிடைத்தது. இரத்தத்தைப் பரிசோதித்திருந்தால், கிருமி தங்கியிருக்கிறதா இல்லையா என்பது தெரிந்திருக்கும். தெரிந்தால் மனைவிக்குத் தடுப்பூசி போட்டிருப்பான்; பிள்ளைகளைப் பரிசோதித்திருப்பான்; அவசியமிருந்தால் மாத்திரை சாப்பிட்டுக் கல்லீரலைக் காத்திருப்பான். பரிசோதிக்கவில்லை. 25 வருஷம் கழித்து அவன் இரத்த வாந்தியெடுத்துச் சாகும்போது, அந்த இலை மருந்தை யாரும் நினைப்பதில்லை. அவனைக் கொன்றது இலையல்ல. "குணமாய்விட்டது" என்ற பொய்யேயாகும்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையில், 2022-ம் வருஷக் கணக்குப்படி உலகத்தில் பி வகை தங்கியிருப்பவர்கள் 25 கோடியே 40 லட்சம் பேர், சி வகை தங்கியிருப்பவர்கள் 5 கோடி பேர் என்று கண்டிருக்கிறது. அந்த ஒரு வருஷத்தில் இந்த நோய்களால் செத்தவர்கள் 13 லட்சம் பேர். இந்தியாவில் மாத்திரம் பி வகைக்காரர்கள் சுமார் 2 கோடியே 98 லட்சம் பேர். சி வகைக்காரர்கள் சுமார் 55 லட்சம் பேர். இவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது.

"அப்படியானால் நம் நாட்டு மூலிகையெல்லாம் பொய்யா? வெள்ளைக்காரன் மருந்து மாத்திரம் மெய்யா?" என்று சிலர் கோபித்துக்கொள்ளக்கூடும். நாம் அப்படிச் சொல்லவில்லை. மருந்துக்கு நாடும் இல்லை, ஜாதியும் இல்லை. பலன் உண்டா இல்லையா என்பது ஒன்றே கேள்வி. கீழாநெல்லியையே எடுத்துக்கொள்ளுவோம். பி வகைக் கிருமியைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்கரான பிளம்பர்க் என்பவரும், சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜன் முதலியவர்களும் சேர்ந்து அதை முறையாய்ப் பரிசோதித்து, 1988-ல் 'லான்செட்' என்னும் உலகப் புகழ்பெற்ற வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். பி வகை தங்கியிருந்தவர்களில் ஒரு பகுதியாருக்குக் கீழாநெல்லிப் பொடியும், மற்றொரு பகுதியாருக்கு அதே மாதிரி தோன்றும் வெறும் பொடியும் 30 நாள் கொடுத்தார்கள். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் இரத்தத்தில் மறைந்தது. வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. வெள்ளைக்காரன் நம் செடியை அலட்சியம் செய்துவிட்டான் என்று சொல்லுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் சங்கதி அதோடு முடியவில்லை. ஒருவர் கண்டதை மற்றவரும் செய்து பார்த்துக் கண்டால்தான் அது உண்மையாகும். தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள். நியூசிலாந்தில் செய்து பார்த்தார்கள். அந்தப் பலன் கிடைக்கவில்லை. இத்தகைய பரிசோதனைகளையெல்லாம் திரட்டிப் பார்த்த காக்ரேன் என்னும் ஆராய்ச்சிக் குழுவினர், வெறும் பொடியைவிடக் கீழாநெல்லி வகை மேலானது என்பதற்கு நம்பத்தக்க ருஜு இல்லை என்று 2011-ல் எழுதினார்கள். இதில் நமக்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. நோபல் பரிசுக்காரர் சொன்னாலும் மறுபடி பரிசோதிப்போம் என்பதுதான் பகுத்தறிவு. நோபல் பரிசுக்காரருக்கே இந்தக் கதியென்றால், "என் பாட்டன் சொன்னான்" என்பதற்கு மாத்திரம் பரிசோதனை வேண்டாம் என்பது என்ன நியாயம்? நாளைக்கே ஒரு மூலிகை பரிசோதனையில் தேறினால், அதை முதலில் போற்றி எழுதுவது நமது பத்திரிகையாகவே இருக்கும்.

இது இப்படியிருக்க, இந்த நோய்கள் எங்கேயிருந்து வருகின்றன என்று பார்த்தால், நம் தீட்டு சாஸ்திரத்தின் யோக்கியதை வெளியாகிவிடும். தாழ்த்தப்பட்டவன் தொட்ட குடத்துத் தண்ணீர் தீட்டு என்று ஊரைவிட்டுத் தள்ளி வைத்தார்கள். அதே ஊரில் குளக்கரையில் மலங்கழித்து, அந்தக் குளத்திலேயே கால் கழுவி, அந்த நீரையே தீர்த்தம் என்று வாயில் ஊற்றிக்கொண்டார்கள். மனிதன் தொட்டால் தீட்டு, மலம் கலந்தால் தீட்டில்லை! ஏ வகைக் கிருமியும் ஈ வகைக் கிருமியும் இந்தத் தர்மத்தை நன்றாய்ப் படித்துக்கொண்டு வந்தவை போலும்; குடத்தைத் தொட்டவன் ஜாதியை அவை பார்ப்பதில்லை, குழாயில் சாக்கடை கலந்ததா என்பதை மாத்திரமே பார்க்கின்றன.

டில்லியில் நடந்ததைச் சொல்லுகின்றோம். 1955-ம் வருஷக் கடைசியில், வெள்ளம் வடிந்த யமுனையில் சாக்கடை நீர் பின்வாங்கி, குடிநீர் எடுக்கிற வசீராபாத் நிலையத்தில் கலந்துவிட்டது. அதிகாரிகள் தண்ணீரில் குளோரினைக் கூட்டினார்கள். மற்றக் கிருமிகள் அடங்கின. இந்தக் கிருமி அடங்கவில்லை. 1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலுமாக 29,000-க்கு மேற்பட்டவர்களுக்குக் காமாலை கண்டது. அது ஈ வகை என்பது, பத்திரப்படுத்தி வைத்திருந்த இரத்தத்தை வருஷங்கள் கழித்துப் பரிசோதித்த பிறகே தெரிந்தது. யமுனையைத் தேவி என்று கும்பிடுகிறவர்களுக்கும் காமாலை வந்தது, கும்பிடாதவர்களுக்கும் வந்தது. சர்க்கார் அலுவலகத்தில் தவறிய ஒரு காரியம் தலைநகரத்தையே படுக்க வைத்தது என்றால், கிராமத்தில் சாக்கடைக்குப் பக்கத்தில் உடைந்து கிடக்கிற குழாய்க்கு என்ன பதில்? மேல்நிலைத் தொட்டியைக் கடைசியாகக் கழுவிய தேதி என்னவென்று பஞ்சாயத்தில் கேட்கத் தெரியாத நாம், காமாலை வந்த பிறகு கண்திருஷ்டி என்று சொல்லிக் கற்பூரம் சுற்றிக்கொண்டிருக்கின்றோம்.

ஊசியின் சங்கதியும் அப்படியே. 2009-ல் குஜராத்தில் மோடாசா பக்கத்தில், ஒருவருக்குப் போட்ட ஊசியையே மற்றவருக்கும் போட்டதால் பி வகை பரவி, நூற்றுக்கணக்கானவர்களுக்கு நோய் கண்டு பலர் மாண்டார்கள். ஆகவே, நாம் பச்சிலைக்காரரை மாத்திரம் குற்றம் சொல்லவில்லை. எதற்கெடுத்தாலும் "ஒரு ஊசி போடுங்கள்" என்று கேட்கிற நோயாளியும், புது ஊசியைப் பிரிக்காமல் போடுகிறவரும் அதே குற்றத்தில் பங்காளிகள்தான். கோவிலில் வரிசையாய் உட்கார வைத்து ஒரே கத்தியில் மொட்டையடிப்பதும், திருவிழாவில் ஒரே ஊசியில் பச்சை குத்துவதும், காது குத்துவதும் இதே அபாயத்தைக் கொண்டவைகளேயாகும். தலைமயிரைச் சாமிக்குக் கொடுத்தோம் என்று வருகிறவர், சாமியிடமிருந்து என்ன வாங்கிக்கொண்டு வருகிறார் என்பதைக் கவனிக்க வேண்டாமா? சவரக் கடையிலும் கோவிலிலும் புது பிளேடைக் கண்முன் மாற்றச் சொல்லிக் கேட்பது அவமானமல்ல, உரிமையாகும்.

இன்னொரு விஷயத்தையும் அழுத்தமாய்ச் சொல்ல வேண்டியிருக்கின்றது. பி வகை, சி வகை இருக்கிறது என்று தெரிந்தால், அந்த மனிதனைத் தனித்தட்டில் சாப்பிட வைப்பதும், பெண்ணாயிருந்தால் தாய்வீட்டுக்கு விரட்டுவதும், கலியாணத்தைத் தடுப்பதும், வேலையிலிருந்து நீக்குவதும் நடக்கின்றன. இது ஒரு புதுத் தீண்டாமையாகும். கூட உட்கார்ந்து உண்பதாலும், தொடுவதாலும், கட்டித் தழுவுவதாலும், ஒரே பாத்திரத்தில் குடிப்பதாலும் இவை பரவுவதில்லை. கலியாணத்துக்கு முன் மற்றவருக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டால் பி வகைக்காரர் தாராளமாய்க் குடும்பம் நடத்தலாம். பழைய தீண்டாமையை ஒழிக்கப் புறப்பட்டவர்கள், இரத்தப் பரிசோதனைச் சீட்டைக் காட்டிப் புதிய தீண்டாமை உண்டாக்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அந்தப் பயத்தினால்தான் பலர் பரிசோதனைக்கே வருவதில்லை.

பெண்மக்கள் விஷயம் இன்னும் முக்கியமானது. ஈ வகைக் காமாலை கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் கண்டால், 100-க்கு 20 முதல் 25 பேர் வரை சாகக்கூடும். கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளானால், மந்திரிக்கிறவர் வீட்டு வாசலில் நிற்கிற ஒவ்வொரு மணியும் இரண்டு உயிரின் மேல் வைக்கிற பந்தயமாகும். அன்றியும், தாய்க்குப் பி வகை இருந்தால் குழந்தைக்கு வராமல் தடுக்கப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட வேண்டும். ராகு காலம் போகட்டும், நல்ல நாள் வரட்டும் என்று கிருமி காத்திருப்பதில்லை. பிறகு 6, 10, 14-வது வாரங்களில் போடுகிற அய்ந்து நோய்த் தடுப்பூசியிலும் பி வகைக்கு மருந்து சேர்ந்திருக்கிறது. இந்தியாவில் முதல் முதல் அதைக் குழந்தைகளுக்குச் சர்க்கார் மூலம் கொடுக்க ஆரம்பித்தது 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலுந்தான். கல்லீரல் புற்றுநோயைத் தடுக்கிற ஊசி இது என்பதை நம் தாய்மார்கள் அறிய வேண்டும்.

இனி, செய்ய வேண்டிய காரியங்களைச் சொல்லி முடிப்போம்:

1. கண் மஞ்சளானால் முதலில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கல்லீரலின் நிலை என்ன, கிருமி எந்த வகை என்று தெரிந்த பிறகுதான் மற்றப் பேச்சு. மஞ்சள் இறங்கிவிட்டது என்பது, பி வகை, சி வகை ஒழிந்ததற்கு ருஜுவல்ல.

2. காமாலையோடு தூக்கக் கலக்கம், புத்தித் தடுமாற்றம், நிற்காத வாந்தி, இரத்த வாந்தி, கறுத்த மலம், வயிற்று வீக்கம் இவற்றில் எது கண்டாலும், நோயாளி கர்ப்பிணியாயிருந்தாலும், அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இப்போது அதற்காகச் சென்னைக்கோ புதுச்சேரிக்கோதான் ஓட வேண்டும் என்பதில்லை. கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் சிறுவங்கூரில் 2022-ல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

3. வயதானவருக்கு மலம் வெளுத்து, அரிப்பு எடுத்து, உடம்பு மெலிந்து மஞ்சள் ஏறிக்கொண்டே போனால், அது குழாய் அடைப்பாயிருக்கலாம். பச்சிலையில் கழிகிற ஒவ்வொரு வாரமும் ஆபரேஷனுக்குக் கிடைக்கக்கூடிய வாய்ப்பைக் குறைக்கும்.

4. சி வகையைப் பெரும்பாலும் 12 வாரம் மாத்திரை சாப்பிட்டே அடியோடு ஒழித்துவிடலாம். 100-க்கு 95 பேருக்குமேல் குணமாகிறது. பி வகையை முற்றிலும் ஒழிக்க மருந்து இன்னும் வரவில்லையென்றாலும், மாத்திரையால் அடக்கி வைத்துக் கல்லீரலைக் காக்கலாம். 28-7-2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி இந்தப் பரிசோதனையும் மருந்தும் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இலவசம். நம் வரிப்பணத்தில் நடப்பதைக் கேட்டு வாங்க வெட்கப்பட வேண்டியதில்லை.

5. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும். மலங்கழித்த பிறகும் சமைக்கும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தொட்டியும் குழாயும் சுத்தமாயிருக்கிறதா என்று கிராம சபையில் எழுந்து கேட்க வேண்டும். தேர் இழுப்பதற்கு ஒன்று கூடுகிற ஊர், ஒரு உடைந்த குழாயைச் சரிசெய்ய ஒன்றுகூட முடியாதா?

தோழர்களே! காமாலையை இறக்கியது யார் என்று கேட்டோம். ஏ வகையிலும் ஈ வகையிலும் இறக்கியது நோயாளியின் சொந்தக் கல்லீரலும் அவன் சொந்த இரத்தமுமேயாகும். அவன் உடம்பு செய்த வேலைக்குப் பெயரையும் தட்சணையையும் வேறொருவர் வாங்கிக்கொண்டு போகிறார். உழைக்கிறவன் ஒருவன், பலனை உண்கிறவன் வேறொருவன் என்கிற நம் நாட்டுப் பழைய அநியாயம், நம் வயிற்றுக்குள்ளேயும் நடந்துகொண்டிருக்கின்றது. பி வகையிலும் சி வகையிலுமோ, தங்கிவிட்ட கிருமியை இறக்கியவரே இல்லை. இறங்கிவிட்டதாகச் சொன்னவர்கள்தான் இருக்கின்றார்கள். அந்தச் சொல்லை நம்பி வீட்டுக்குப் போனவர்களில் உயிரோடிருக்கிறவர்களாவது, இந்த வாரத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, இரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ளுவார்களாக.